கடன் கெடு வாரத்தில்தான் கை மெஷினுக்குள் போகிறது. இது வெறும் கவனக்குறைவா?

மல்லாட்டைக்காரன் (விழுப்புரம் மாவட்டம்), இழையைத் தொடங்கியவர்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரருக்கு மூன்றரை ஏக்கர். இரண்டு ஏக்கர் கரும்பு, மீதி மல்லாட்டை (நிலக்கடலை). போன தை மாதம் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும்போது வலது கை மெஷினில் மாட்டி, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போய்விட்டன. பதினோரு வருஷமாக அவர் ஓட்டும் அதே மெஷின். கண்ணைக் கட்டிவிட்டாலும் தட்டு தள்ளுவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்கள், ஊரில் விசாரித்தவர்கள், எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: கவனக்குறைவு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் தங்கை அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னாள்.

கரும்பு பன்னிரண்டு மாதம் தாண்டி நிற்கிறது, ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் (வெட்ட அனுமதி) வரவில்லை. முந்தைய வருஷம் வெட்டிய கரும்புக்கே ஆலையில் பாக்கி. நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸ் வந்து பீரோ மேல் கிடக்கிறது. அதுபோக வெளியில் வாங்கிய வட்டிப் பணம். அந்த ஆள் தினமும் பைக்கில் வருவாராம். திட்டமாட்டார், கத்தமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சரி, நாளைக்கு வரேன்" என்று எழுந்து போவார். மச்சான் நாலு நாளாகத் தூங்கவில்லை. அன்றைக்குத் தட்டு தள்ளிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் பைக் சத்தம். திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

வந்தது பால்காரர்.

உங்கள் ஊரில் மெஷின், டிராக்டர், மருந்து அடிப்பது என்று அடிபட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த வாரம் அவர்கள் வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று யாராவது கேட்டதுண்டா?

---

கடைமடை (திருத்துறைப்பூண்டிப் பக்கம்)

அண்ணே, படித்ததும் என் தோள்பட்டை வலித்தது, பொய்யில்லை.

என் டிராக்டர் தவணையில் எடுத்தது. ஒரு டியூ தவறிவிட்டது, வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று தினம் ஃபோன். அதனால் குறுவைச் சேற்றுழவுக்கு யார் கூப்பிட்டாலும் போனேன். காலை 5 மணிக்கு ஏறியவன் ராத்திரி 11 மணிக்கும் இறங்கவில்லை. கடைசி வயலில் கேஜ் வீல் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்) புதைந்துவிட்டது. விடிந்ததும் இன்னொரு வண்டி வைத்து இழுக்க வேண்டும். எனக்கு அது தெரியும், பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் விடியும்வரை நின்றால் நாலு ஏக்கர் வாடகை போச்சு. சக்கரத்தில் ஒரு கட்டையைக் கட்டி கிளட்சை விட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்சக்கரம் சுற்ற முடியாமல் இறுகிவிட்டால், எஞ்சினின் பலம் வண்டியையே அச்சோடு சேர்த்துப் பின்பக்கமாகத் தூக்கும். முன்சக்கரம் எழும்பி வண்டி மல்லாந்துவிடும். எல்லாம் ஒன்றிரண்டு விநாடி. கிளட்சை மிதிக்கலாம் என்று தோன்றுவதற்குள் முடிந்துவிடும். சேறு ஆழமாக இருந்ததால் நான் அதற்குள் அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்தேன். காறையெலும்பு இரண்டு துண்டு. கெட்டித்தரையாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ராத்திரி தண்ணி போட்டுட்டு ஓட்டியிருப்பான்." நான் டீ மட்டும் குடித்திருந்தேன். ஏழெட்டு டீ.

---

பல்லடத்தான்

மன்னிச்சுக்குங்க, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்க அப்பாருக்கும் கடன் இருந்தது, ஐயனுக்கும் இருந்தது. கை போகவில்லை. தட்டு வெட்டும் மெஷினில் தீவனத்தை வைத்துத் தள்ளும் தொட்டி மூன்றடி நீளமாக இருக்க வேண்டும், அதில் உருளைப் பக்கம் இருக்கும் பாதிக்கு மேல்மூடி வேண்டும். அப்படி இருந்தால் கையை எவ்வளவு நீட்டினாலும் உருளைக்கு எட்டாது. உங்க மச்சான் மெஷினில் மூடி இருந்ததா? இருந்திருக்காது. பட்டறையில் அடித்த மெஷினாக இருக்கும், இல்லாவிட்டால் வந்த மூடியை வேகம் குறையுது என்று கழட்டிப் போட்டிருப்பார்கள்.

அந்த டிராக்டர் தம்பிக்கும் அதுதான். மேலே உருளாமல் தாங்கும் கம்பிச்சட்டம் இல்லை. வெயிலுக்குக் கூரையும் பாட்டுப் பெட்டியும் வைக்கப் பணம் இருக்கிறது.

இரும்பில் இருக்கிற குறையை மனசு மேல் போடாதீர்கள். அப்புறம் ஆளாளுக்கு டென்ஷன் என்று சொல்லிவிட்டு மூடி போடாமலே ஓட்டுவார்கள்.

---

மல்லாட்டைக்காரன்

அண்ணே, மூடி இல்லை என்பது உண்மை. கழட்டியது மச்சான்தான். ஆனால் மூடி இல்லாத அதே மெஷினில் பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, ஏன் அந்த வாரம் ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

---

பழைய ஏஓ (வேளாண்மை அலுவலர், ஓய்வு)

இரண்டு பேரும் சொல்வது சரி. தம்பி கேட்ட கேள்விக்கு அவர் மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

2013-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி உள்ளிட்டவர்கள் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் சோதனை செய்தார்கள். கரும்புக்காரருக்கு வருஷத்தில் ஒருதரம்தான் பணம் வரும். அதனால் வெட்டுக்கு முன்னால் கைமுடை, வெட்டியபின் கையில் காசு. ஒரே ஆளை இரண்டு சமயத்திலும் உட்காரவைத்துப் புதிர் போடச் சொன்னார்கள். வெட்டுக்கு முன்னால் அதிகத் தப்பு, அதிக நேரம். வெட்டியபின் அதே ஆள் நன்றாகச் செய்தார். சோறு சரியாகத் தின்னாததாலா, வேலை அலுப்பாலா என்றும் பார்த்தார்கள். அதனால் இல்லை. தலைக்குள் கடன் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் மற்றதற்கு இடம் குறைகிறது. அந்த விவசாயிகளில் வெட்டுக்கு முன்னால் 100-க்கு 78 பேர் ஏதாவது பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டியபின் 4 பேர்.

சோதனை புதிர் பற்றியது, விபத்து பற்றியது அல்ல. ஆனால் புதிரில் தடுமாறும் தலையோடுதான் அந்த மனிதர் சாயங்காலம் மெஷின் முன்னால் நிற்கிறார். மூடி என்பது அந்த மாதிரி நாளுக்காகத்தான். தலை தெளிவாக இருக்கிற நாளில் மூடி இல்லாமலும் தப்பித்துவிடலாம். பல்லடத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் சொன்ன இரும்பும் தம்பி சொன்ன மனசும் ஒரே இடத்தில்தான் சந்திக்கின்றன.

ஒரு சின்ன விஷயம். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966-இன்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தாமதித்தால் 15% வட்டி. ரொம்ப வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "சார், நான் லேட்டாக் கட்டினா என் வீட்டுக்கு ஆள் வருது. ஆலை லேட்டாக் குடுத்தா நான் யார் வீட்டுத் திண்ணையில போய் உக்கார?" எனக்குப் பதில் தெரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

---

நாற்றுமுடி

பேசுவது எல்லாம் பட்டா வைத்திருப்பவர்களைப் பற்றியே இருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டா கிடையாது. அம்மா நடவு, களை எடுப்பு. அப்பா மருந்து அடிக்கப் போவார், டேங்க் கணக்கில் கூலி, எத்தனை டேங்க் அடிக்கிறாரோ அவ்வளவு காசு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்கு வெளியிட்ட கணக்கில், விவசாயத்தில் இருந்து தற்கொலையில் இறந்தவர்கள் 11,290 பேர். அதில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்தவர்கள் 5,207. கூலித் தொழிலாளர்கள் 6,083. விவசாயி தற்கொலை என்று செய்தி வந்தால் உங்கள் கண்ணுக்கு முன்னால் வருவது நிலம் உள்ளவர் முகம்தானே? பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். விவசாயி வீட்டுப் பெண் இறந்தால் பட்டா அவள் பேரில் இல்லாததால் பல சமயம் 'இல்லத்தரசி' கணக்கில் போய்விடுகிறாள்.

எங்கள் கடன் குழுக்கடன். வாரா வாரம் காலை 7 மணிக்குக் கூட்டம். ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேரும் எழுந்திருக்க முடியாது. வசூலுக்கு வந்தவர் பேசவே வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவே பேசிவிடுவார், அவருக்கு வேலைக்குப் போகிற வண்டி போய்விடும். அம்மா ஒருமுறை காய்ச்சலோடு நடவுக்குப் போனது அதற்காகத்தான். லோடு ஆட்டோவில் பின்னால் பதினெட்டுப் பேர், நின்றுகொண்டு. வளைவில் பிடி நழுவி விழுந்தாள். இடுப்பு. இப்போதும் குனிந்து நட முடியாது. நடவுக்காரி குனிய முடியாவிட்டால் என்ன ஆவாள் என்று யோசியுங்கள்.

அப்பா டேங்க் கணக்கு என்றேனே, அதனால் நிழலில் உட்காரமாட்டார். கைக்குட்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வார். ஈரத்துணி மருந்தை இன்னும் நன்றாக உறிஞ்சும் என்று எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது.

---

இரவுப்பணி (அரசு மருத்துவமனைச் செவிலியர்)

நாற்றுமுடித் தங்கை சொன்ன டேங்க் கணக்கு மிக முக்கியம். பூச்சிமருந்துகளில் ஒரு பெரிய கூட்டம் நரம்பில் வேலை செய்பவை. அடித்த அன்று தலைவலி, வாந்தி, கண் மங்கல், எச்சில் ஊறுவது. இது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை நன்றாக விஷமேறிப் பிழைத்தவர்களுக்குப் பின்னால் தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு அதிகம் என்று அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகளிடம் செய்த ஆய்வுகளில்கூடக் கண்டிருக்கிறார்கள். கடனால் மனசு கெட்டு மருந்து தெறிக்கிறது, தெறித்த மருந்தால் மனசு இன்னும் கெடுகிறது.

வார்டில் நான் கவனித்தது ஒன்று. எந்த விவசாயியும் "மனசு சரியில்லை" என்று சொல்லி வரமாட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுதும்மா", "நெஞ்சு படபடங்குது", "சோறு எறங்கல", "கைகால் ஓயுது". இதற்கு மாத்திரை கேட்பார்கள். இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இருக்காது, அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம். நான் இப்போதெல்லாம் கட்டுப் போடும்போது மெதுவாகக் கேட்பேன்: "வீட்ல கொடுக்கல் வாங்கல் ஏதும் நெருக்கடியாப்பா?" பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். வலிக்கு அழாதவர்கள் அதற்கு அழுகிறார்கள்.

கேட்டால் தற்கொலை எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல ஆகிவிடும் என்று பயப்படாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் யாரும் போவதில்லை, கேட்க ஆள் வந்ததே என்றுதான் இருக்கும். போலீஸ் கேஸ் ஆகும் என்று சிலர் மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது.

இழைக்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். விரல் துண்டானால் அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸுக்குள் நேரடியாகப் போடாதீர்கள், தசை செத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது.

---

கடைமடை

அக்கா, ராத்திரி 2 மணி முழிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே. எப்படித் தெரியும்?

---

இரவுப்பணி

தம்பி, நீங்களும் போய்ப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் கூச்சமாக இருந்தால் "தூக்கம் வரவில்லை, அதற்கு டாக்டர்" என்று கேளுங்கள், போதும்.

---

இழைக் காப்பாளர்

இரண்டு விஷயம். ஒன்று, இழையில் சிலர் எழுதிய பூச்சிமருந்துப் பெயர்களை எடுத்திருக்கிறேன், காரணம் எல்லோருக்கும் புரியும். இரண்டு, இப்போது யாருக்காவது மனம் தாங்கமுடியாத நிலையில் இருந்தால் 104-க்கோ 14416-க்கோ (டெலிமனஸ், அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசில்லை. சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. தொடருங்கள்.

---

சங்கத்துக்காரர் (கூட்டுறவுக் கடன் சங்கம், பணியில் இருப்பதால் ஊர் வேண்டாம்)

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். கூட்டுறவில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. அப்படியிருந்தும் மக்கள் ஏன் மீட்டர் வட்டிக்குப் போகிறார்கள்? சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கேட்போம். குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) பயிர் செய்பவரிடம் அது இருக்காது. நிலக்காரர் எழுதிக்கொடுக்கமாட்டார். 2021-இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது, 16.43 லட்சம் பேருக்கு. அதே ஊரில், அதே வெள்ளத்தில் பயிர் போன குத்தகைக்காரருக்குத் தள்ளுபடி செய்ய ஒரு பைசா கடன்கூட எங்களிடம் இல்லை. அவர் கடன் எல்லாம் உரக்கடையில், அடகுக்கடையில்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இயற்கைப் பேரிடரில் மகசூல் 33 சதவீதத்துக்கு மேல் போனதாக அறிவிப்பு வந்தால், குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றி, கெடுவைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது. வங்கியிலும் உண்டு. தானாக நடக்காது, எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். கெடு முடிந்து நோட்டீஸ் வந்த பிறகு ஓடிவராதீர்கள், முன்பே வாருங்கள். தலைகுனிந்துகொண்டு சங்க வாசலைத் தவிர்த்துச் சுற்றிப்போகிறவர்களை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கூப்பிட்டால் கடனைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைப்பார்கள், அதனால் கூப்பிடுவதில்லை.

வட்டிக்காரர் தொல்லைக்கு 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. குழுக்கடன் நிறுவனங்கள், ஆப் கடன் ஆகியவற்றின் அடாவடி வசூலுக்கு எதிராக 2025-இல் தனிச்சட்டம் வந்திருக்கிறது. திண்ணையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது வேறு விஷயம்.

---

வன்னி மண் (கிளிநொச்சி)

இஞ்சையும் இதே கதைதான், ஒரு விடயம் மட்டும் சொல்லிப்போட்டுப் போகிறேன். 90-களின் நடுவில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகத்திலேயே முன்வரிசையில் இருந்தது. 1995-இல் மிகக் கொடிய வகைக் கிருமிநாசினிகளை (பூச்சிமருந்துகளை) நிறுத்தினார்கள், 1998-இல் இன்னொன்று, 2008 முதல் 2011 வரை மேலும் மூன்று. வறுமை குறையவில்லை, போரும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் விழவும் இல்லை. அந்த ஒரு மணித்தியாலம் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் தப்பிவிடுகிறார் அண்ணை.

---

பழைய ஏஓ

உண்மை. நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. சினேகாவைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் மருந்துக்கென்று பொதுக் கட்டடம் வைத்துப் பார்த்தார்கள். வங்கி லாக்கர் போல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெட்டி, சாவி அவர்களிடம், கட்டடத்துக்கு ஒரு காவலாள். அடிக்கப் போகும்போது எடுத்துக்கொண்டு, மீதியைத் திரும்ப வைக்க வேண்டும். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், மருந்தால் போகும் உயிர்களும் அங்கே குறைந்தன. நான் பார்த்த கிராமங்களில் மருந்து எங்கே இருக்கும் தெரியுமா? சாமி படத்துக்குப் பின்னால், அல்லது அரிசி மூட்டை பக்கத்தில். குழந்தைக்கு எட்டக்கூடாது என்று பரண்மேல் வைப்பார்கள். பெரியவர்களுக்கு எட்டும்.

---

பல்லடத்தான்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எங்க அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருந்தார். செட்டுக்கு வாங்கின கடன். ஒரு நாள் ராத்திரி மோட்டார் ஓடவில்லை என்று கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டரைத் திறந்து கை வைத்தார். மெயினை நிறுத்தவில்லை. முப்பது வருஷம் கரண்ட் வேலை தெரிந்த மனுசன். "அவசரத்துல மறந்துட்டாரு" என்று எல்லோருக்கும் சொன்னோம், நானும் அதையே நம்பினேன். மேலே இரும்பு, மூடி என்று எழுதினதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மறந்தாரா, எதில் மறந்தார் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. அதற்கு முந்தின வாரம் என்னிடம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். நான் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தேன்.

மல்லாட்டைக்காரரே, உங்க மச்சான் மெஷின் அளவை அனுப்புங்க. எந்த மாடல், உருளைக்கு முன்னால் எத்தனை அங்குலம் என்று. எனக்குத் தெரிந்த பட்டறையில் மூடியும், காலால் மிதித்து நிறுத்தும் லீவரும் அடித்துத் தருகிறேன். பணம் வேண்டாம்.

---

நாற்றுமுடி

பல்லடத்து அண்ணா, எழுதியதற்கு நன்றி.

நிவாரணம் பற்றி யாரும் சொல்லவில்லை. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011-இல் இருந்து இருக்கிறது. சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் சேர்த்துத்தான். நிலமில்லாத கூலிக்காரரின் விபத்து மரணத்துக்கு 1 லட்சமாக இருந்ததை 2025-26 வேளாண் பட்ஜெட்டில் 2 லட்சமாக அறிவித்தார்கள். உறுப்பு இழப்புக்கும் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்களுக்கு 1983-இலேயே அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று மத்திய அரசு கொண்டுவந்தது, அதில் இழப்பீடும் இருக்கிறது. எங்கள் ஊரில் மூன்று பேருக்குக் கை இல்லை, ஒருத்தருக்கும் இந்தச் சட்டத்தின் பெயர் தெரியாது.

---

மல்லாட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நகை ஏலத்துக்கு மூன்று மாதம் தவணை வாங்கியாயிற்று. நான்தான் கூடப் போனேன், மேனேஜர் முன்னால் மச்சான் வாயே திறக்கவில்லை. உழவர் திட்டத்துக்கு மனு கொடுத்தோம். கரும்புக்கு 5 சதவீதம் பிரீமியம் கட்டிப் பயிர்க்காப்பீடு செய்கிறோம், அந்த மனு வாங்கும் இடத்தில் கை பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். ரேஷன் கடை மெஷினில் வலது கட்டைவிரல் ரேகைதான் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது தங்கை போய் வைக்கிறாள். பாஸ்புக்கில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார், பழைய கரும்பு டோக்கன் பின்னால் எழுதி எழுதிப் பார்க்கிறார். மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்து மாதிரி இருக்கிறது.

தூக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தோம். செவிலியர் அக்கா சொன்னபடி "தூக்கம் வரவில்லை" என்றுதான் சீட்டு வாங்கினோம். முதல் தடவை மாத்திரை மட்டும். இரண்டாம் தடவை டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பல்லடத்து அண்ணே, அளவு தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்குத் தங்கை ஒரு வேலை செய்திருக்கிறாள். கொட்டகையில் மெஷின் சுவரைப் பார்த்து இருந்தது, ரோடு முதுகுப் பக்கம். ஆள் வைத்து அதைத் திருப்பிப் போட்டுவிட்டாள். இப்போது தட்டு தள்ளும்போது யார் வருகிறார்கள் என்று நேராகத் தெரியும்.